பித்தளைக் குடத்துப் பூவும் பரிமளா வீட்டு அம்மனும்

“சுகுணா, அம்மன் வேணான்னுட்டா!”

கதவைத் திறந்ததும் பரிமளா இப்படித்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானம். அவள் கையில் எவர்சில்வர் டம்ளர். டம்ளரில் தண்ணீர், தண்ணீரில் ஒற்றைப் பூ. காலையில் நான் பார்த்தபோது அந்தப் பூ பளீரென்று வெள்ளையாக இருந்தது. இப்போது இதழ் நுனியெல்லாம் சிவந்து, நரம்பு நரம்பாகச் சிவப்பு ஓடி, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது.

“காத்தால வெள்ள. இப்ப பாரு, சேப்பாயிட்டுது. மனசு மாறிட்டா சுகுணா. இந்தக் கல்யாணம் வேணாங்கறா.”

அன்று சாயங்காலம் அவள் பெண் நித்யாவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பத்திரிகை அடிப்பதும் மண்டபம் தேடுவதும்தான் பாக்கி.

நான் டம்ளரைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். பூவின் கழுத்தில் மெல்லிசாக ஒரு துண்டு செல்லோ டேப் சுற்றியிருந்தது. அதைச் சுற்றியவள் நான். அந்தச் சிவப்பை ஊற்றியவளும் நான்தான். அது அம்மன் செயல் அல்ல, சிக்கன் 65-க்குப் போடுகிற கலர் பவுடர்.

உடனே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவ்வளவு சுலபமில்லை. ஏன் என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும்.

யாருக்கு உடம்பு சரியில்லை?

போன வாரம் நான் எழுதிய மோட்டார் சுவிட்ச் சண்டையைப் படித்தவர்களுக்குப் பரிமளாவைத் தெரியும். படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரயில் போனால் பாத்திரங்கள் லேசாகப் பேசிக்கொள்ளும் மூன்று மாடிக் குடியிருப்பு எங்களுடையது. இரண்டாவது மாடியில் எனக்கு நேர் எதிர்வீடு அவள். நல்லவள். எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நகரமாட்டாள். ஒரே ஒரு குறை. செய்ததை ஒப்புக்கொள்வது என்பது அவள் பரம்பரையிலேயே கிடையாது. மோட்டாரை ஓடவிட்டு மறந்து மாடியெல்லாம் வெள்ளமானபோதும், சுவிட்சில் கை வைத்தபடியே, “நான் தொடவே இல்ல” என்று சத்தியம் செய்தவள்.

இனி என் பூப்பைத்தியம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சமீபம்வரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் மேஜைமேல் பூ இருக்க வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. அவர் வாங்கிக் கொடுத்த முதல் ரோஜாக்கள் மறுநாளே தலையைத் தொங்கப்போட்டன. வெளிநாட்டுக்காரர் துக்கம் விசாரிப்பதுபோல அவற்றைப் பார்த்தார். அந்த அவமானத்தில்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். பல பூக்களைக் கொன்ற பிறகு சில பூக்கள் பிழைத்தன.

வேலையை விட்டதும் பழக்கம் வீட்டுக்கு வந்தது. முதன்முதலாக ஹாலில் ஒரு ஜாடியில் பூ வைத்த அன்று, கட்டடத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கீழ்வீட்டு அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பூ என்றால் தலைக்கு, சாமிக்கு. ஜாடியில் நிற்கிற பூ ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பரிமளாவோ நேராகவே சொன்னாள். “தலையிலயும் வெக்காம, சாமிக்கும் போடாம, பாட்டில்ல சொருகி வேடிக்க பாக்கறியே. பாவம் இல்ல?”

இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூவுக்கு மட்டும் கேன் தண்ணீர்

பூவுக்குச் செலவு ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் கோதண்டத்தின் பள்ளிக்கூடத் தோழர் பாஷா, பூந்தமல்லியில் கல்யாண மேடை ஜோடிப்பவர். ரிசப்ஷன் முடிந்து மேடையைப் பிரிக்கும்போது நல்ல பூக்களாகப் பொறுக்கி, குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்.

“அண்ணி, குப்பைக்குப் போற பூவுதான். உங்ககிட்ட வுட்டா இன்னும் நாலு நாளு உசுரோட கீது. மாமே, ஒரு டீ சொல்லேன்” என்பார் கீழிருந்தே.

மேடையிலிருந்து வரும் பூ களைத்துப்போய்தான் வரும். பச்சை ஸ்பாஞ்சில் குத்தப்பட்டு, விளக்குச் சூட்டில் நின்று, யார் யாரோ தோளில் கைபோட்டு எடுத்த போட்டோக்களுக்கெல்லாம் பின்னால் சிரித்துக்கொண்டிருந்த பூ அல்லவா? முதலில் வாளித் தண்ணீருக்குள்ளேயே காம்பைச் சாய்வாக நறுக்க வேண்டும். வெளியே நறுக்கினால் காம்புக்குள் காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. தண்ணீரில் முங்குகிற இலைகளை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி நாறும். ஒரு சிட்டிகை சர்க்கரை, இரண்டு சொட்டு எலுமிச்சை. பழுக்கிற வாழைத்தாருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கவே கூடாது. பழம் பழுக்கப் பழுக்கப் பூ கொட்டும். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை வாரத்தில் நடந்த படுகொலைக்கு வாழைத்தார்தான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாளானது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் வைத்தால் ரோஜா மூஞ்சியைச் சுளிக்கும். அதனால் பூவுக்குக் கேன் தண்ணீர்.

“எனக்கு சாம்பார் போர் தண்ணில. ஜாடிக்குக் கேன் தண்ணி. நானும் ஒரு நாள் அந்த ஜாடியில போய் நின்னுக்கறேன்” என்றார் கோதண்டம். அவர் ரயில் பெட்டிப் பணிமனையில் எலெக்ட்ரீஷியன். வாரத்துக்கு ஒரு முறை வாய் திறப்பார், திறந்தால் இப்படித்தான் ஏதாவது வரும்.

ஃபிரிட்ஜ் பற்றியும் அவருக்குக் குறை உண்டு. கட்டின மல்லியை ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஒரு நாள் டப்பாவை மூட மறந்துவிட்டேன். மறுநாள் அவர் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் மணந்ததில், பணிமனை முழுக்க அவரைப் புதுமாப்பிள்ளை என்று ஒரு வாரம் கூப்பிட்டார்களாம்.

பூக்களிலேயே படுத்துகிறது ஜெர்பராதான். பரிமளா அதற்கு இங்கிலீஷ் சாமந்தி என்று பெயர் வைத்திருக்கிறாள். பார்க்க ஆள் கம்பீரம், கழுத்தில் பலம் கிடையாது. கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் தலை தொங்கிவிடும். அதனால் கழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிடுவேன். இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. இந்த அண்ணனூரில் ஜெர்பராவுக்குக் கழுத்துப்பட்டை போடுகிறவள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

குடத்தில் குறைந்த பூ

எங்கள் ஹால் மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் பூவை வாட்டும். மாடிப்படி முகப்பில் நல்ல காற்று. அங்கே கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தை வைத்து, பூக்களை நிறுத்துவேன். காற்றுக்காக மட்டும்தான் வைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஏறி இறங்குகிறவர்கள் பார்க்கட்டும் என்றும்தான்.

இந்த வருஷம் ஆடி பிறந்ததிலிருந்து குடத்தில் பூ குறைய ஆரம்பித்தது. காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது ஒன்று இருக்காது. ஒன்றுதான். அதுவும் இருப்பதிலேயே நல்லதாக. எடுக்கிறவருக்கு ரசனை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் சந்தேகம் மூன்றாவது மாடி ஏகாம்பரம் சார்மேல். ரிட்டையர் ஆனவர். காலை நடைக்குக் கையில் பிளாஸ்டிக் கவரும் நுனி வளைந்த குச்சியுமாகப் போவார். தெருவில் எந்த வீட்டுச் செம்பருத்தி மதிலைத் தாண்டித் தலை நீட்டினாலும் அது அவர் வீட்டுச் சாமிக்குச் சேர்ந்துவிடும். கேட்டால், “சாமிக்குத்தானேம்மா” என்பார். அப்படிச் சொல்கிற மனுஷனிடம் என்ன சண்டை போட முடியும்?

பரிமளாமேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பாட்டிலில் பூ வைப்பதே பாவம் என்றவள். அதிலும் மேடையில் நின்ற பூ சாமிக்கு ஆகாது, எச்சில் பூ என்று பாஷாவின் எதிரிலேயே சொன்னவள். அவளிடமே போய், “யாரோ என் பூவ எடுக்கறாங்கடி” என்று புலம்பினேன்.

“அய்ய, இன்னா ஜனமோ! கேட்டா குடுக்க மாட்டியா நீ?” என்று என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டாள். “மேல்வூட்டு சாரு கண்ணுல அப்பவே ஒரு திருட்டு முழி கீது, பாத்தியா?”

சரி, கையும் பூவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

பட்டினி போட்ட பூ

வெள்ளைப் பூ குடிக்கிற தண்ணீரில் கலர் கலந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தக் கலர் இதழுக்கு ஏறிவிடும். கம்பெனியில் ஒரு முறை சுதந்திர தினத்துக்கு இப்படித்தான் காவியும் பச்சையும் செய்து மேனேஜரை மயக்கியிருந்தேன். வெள்ளையை வைப்போம், சிவக்கட்டும். அப்புறம் விளக்கேற்றுகிற நேரத்தில் ஏகாம்பரம் சார் வீட்டுக்குக் குங்குமம் வாங்கப் போவோம். சாமி படத்தில் சிவந்த ஜெர்பரா இருந்தால், கழுத்துப்பட்டையைக் காட்டிக் கேட்போம். திட்டம் இதுதான்.

அடுக்களையில் தேடினால் கைக்கு வந்தது சிவப்புக் கலர் பவுடர். ஞாயிற்றுக்கிழமைச் சிக்கனுக்காகக் கோதண்டம் வாங்கி ஒளித்து வைத்திருப்பது. முந்தின வாரம் கொஞ்சம் எடுத்து ஒத்திகை பார்த்தேன். பூ அழகாகச் சிவந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிக்கன்தான் வெளுத்துப்போயிருந்தது. அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வாரத்துப் பேச்சை ஏற்கனவே பேசி முடித்திருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடிகாலை. வெள்ளை ஜெர்பராக்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெறுமனே படுக்கவைத்தேன். பட்டினி போட்டால்தான் தாகம் வரும், தாகத்தில் மடமடவென்று குடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பவுடரைத் தாராளமாகக் கரைத்துக் குடத்தில் ஊற்றி, பூக்களை நிறுத்தி வெளியே வைத்தேன். பித்தளைக் குடம், வாய் குறுகல். உள்ளே இருப்பது தண்ணீரா ரத்தமா என்று யாருக்கும் தெரியாது.

கோதண்டத்துக்கு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வந்து பார்த்தேன். ஒரு பூ இல்லை. சிரித்துக்கொண்டே குடத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

பொட்டலம்

காபிகூடக் குடித்திருக்க மாட்டேன். பரிமளா வந்து கூப்பிட்டாள்.

“சுகுணா, குளிச்சிட்டியா? ஒரு நிமிசம் வா. நீதான் எடுக்கணும்.”

நித்யா அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அதே இடத்தில் வேலை பார்க்கும் விக்னேஷ், காட்டுப்பாக்கத்துப் பையன். இரண்டு பேரும் விரும்பினார்கள். பையனிடம் பரிமளாவுக்கு ஒரு குறையும் தென்படவில்லை. அவன் தான் தேடிக் கண்டுபிடித்த மாப்பிள்ளை இல்லை என்பதுதான் அவளுக்குக் குறை. மாசக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் பொறுப்பை அம்மன் தலையில் போட்டுவிட்டாள். வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, வேறு ஒருத்தரை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரும் இதற்குச் சம்மதித்து, நல்ல பதில் வந்தால் அன்று சாயங்காலமே வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பூஜை அலமாரிக்கு முன்னால் நியூஸ்பேப்பர் பொட்டலங்கள் இரண்டு. பிரியாணிப் பொட்டலம் அளவுக்கு இருந்தன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், மல்லிக்கும் அரளிக்கும் இவ்வளவு பெரிய பொட்டலம் எதற்கு என்று. நித்யா ஆபீசுக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா முருகேசன், வாயில்லாத மனிதர், கையெடுத்துக் கும்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பரிமளா பிரித்தாள்.

வெள்ளை ஜெர்பரா. கழுத்தில் செல்லோ டேப்.

“வெள்ள! தாயே!” என்று பரிமளா கத்தினாள். நித்யா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் தோள் நனைந்தது. என் கண்ணோ அந்தச் செல்லோ டேப்பை விட்டு நகரவில்லை.

“பூ... எங்க வாங்கின பரிமளா?”

“அம்பத்தூர் மார்க்கெட்டுல. நேத்தே வாங்கியாந்துட்டேன்” என்றாள், இமை அசையாமல்.

மேல்வீட்டுச் சாரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் இதைக் கிளப்பினால் நித்யாவின் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னாவது? பூ குடத்தில் இருந்தது கொஞ்ச நேரம்தான், அவ்வளவாக ஏறியிருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பரிமளா காம்பு நுனியைக் கிள்ளிவிட்டு, வாடாமல் இருக்கட்டும் என்று ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து அம்மன் முன்னால் நிறுத்தினாள். அத்தனை நாள் நான் பூவைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவள் காதில் வாங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் கிடைத்த பூ சும்மா இருக்குமா? காம்பில் இருந்ததையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டது.

மார்க்கெட் பூவா, குடத்துப் பூவா?

ஆக, மத்தியானம். சிவந்த பூவோடு பரிமளா என் வாசலில்.

“காட்டுப்பாக்கத்துக்கு போன் போட்டு வராதீங்கன்னு சொல்லிடப் போறேன்” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அவள் நிஜமாகவே பயந்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். மூலையிலிருந்த பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அதிலிருந்த மற்ற ஜெர்பராக்களும் சிவந்துபோய் நின்றன. அவள் குடத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள்.

“இன்னா இது?”

“பூ திருடு போவுது இல்ல, புடிக்கலாம்னு தண்ணில கலர் போட்டேன். சிக்கனுக்குப் போடற கலரு. இந்தக் குடத்துல இருந்த பூவெல்லாம் செவந்துடும்.”

அவள் குனிந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“உன்னுது குடத்துப் பூவா இருந்தா, இது வெறும் சாயம். அம்மன் குடுத்தது வெள்ளதான், கல்யாணம் நடக்கலாம்” என்றேன். “ஆனா நீ மார்க்கெட்டுல வாங்கினேன்னு சொல்ற. மார்க்கெட் பூ தானா செவந்தா அது அம்மன் வாக்குதான். நான் இன்னா சொல்றது? நீயே சொல்லு.”

இப்போது புரிகிறதா, ஏன் அவ்வளவு சுலபமில்லை என்று? திருடினேன் என்று அவள் வாயால் சொன்னால் பெண்ணுக்குக் கல்யாணம். இல்லை என்றால் இல்லை. இப்படி ஒரு இடத்தில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியதில் எனக்கு அந்த நிமிஷத்தில் எவ்வளவு ஆனந்தம் என்று சொல்லி முடியாது. மோட்டார் சுவிட்ச், காணாமல்போன என் துணிக்கிளிப்புகள், தூக்கிப் போனதே இல்லை என்று சாதித்த இட்லித் தட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வசூல்.

அவள் எழுந்தாள். “என்ன திருடின்றியா?”

“நான் எங்க சொன்னேன்? நீதான் மார்க்கெட்டுன்ற.”

“மார்க்கெட்டுதான்!” என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய வேகத்தில் என் வீட்டுக் காலண்டர் ஆடியது.

என் ஆனந்தமும் அத்தோடு போயிற்று.

கொஞ்ச நேரத்தில் நித்யா அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள்.

“ஆன்ட்டி, அப்பா போன் பண்ணாரு. அம்மா ரூமைத் தாப்பா போட்டுகினு உக்காந்துகீதாம். பூ செவந்துடுச்சாம். காத்தால நீங்கதானே எடுத்தீங்க? வெள்ளதானே வந்துது? சொல்லுங்க ஆன்ட்டி.”

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தூக்கிப் பரிமளாவின் வீம்பில் பணயம் வைத்துவிட்டேனே. அவள் வீம்பு எப்படிப்பட்டது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? “வெள்ளதான் வந்துது, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்று நித்யாவை அனுப்பிவைத்தேன். சாயங்காலம் அவர்கள் வந்தால் நானே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது, பரிமளா அதோடு என் முகத்தில் முழிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தீர்மானித்தேன். வராமலே போய்விட்டால்? அதற்கு என்னிடம் வழி இல்லை.

காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தவர்கள்

அவர்கள் வந்தார்கள். கீழே வேன் நிற்கும் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பரிமளா போன் போடவில்லை. ஆனால் ஏன் போடவில்லை என்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமான பெண்மணி. தட்டு நிறைய மல்லிச் சரம், பழம், புடவையோடு உள்ளே வந்தார். பின்னால் விக்னேஷும் சொந்தக்காரர்களும். கட்டடமே பரிமளா வீட்டு ஹாலில் கூடியிருந்தது. குச்சியும் கவரும் இல்லாத ஏகாம்பரம் சாரை அன்றுதான் பார்த்தேன். கோதண்டம் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்து வாசலோரம் நின்றார். பரிமளா பட்டுப்புடவையில் இருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை.

பூஜை அலமாரியில் டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. பூ இப்போது நடுவிலும் சிவந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கும்பிடப் போனவர் அப்படியே நின்றார். “இன்னா சம்பந்தி, காத்தால வெள்ளப்பூ வந்துதுன்னு போன்ல சொன்னீங்க. சேப்பு கீது?”

நித்யா விக்னேஷைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் ஆவடி பக்கம் போகும் ரயில் தடதடவென்று கடந்தது. அது போகும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ரயில் போனதும் பேசியது நானில்லை.

“அது எங்கூட்டுப் பூ இல்ல சம்பந்தி” என்றாள் பரிமளா. முகம் பூவைவிடச் சிவந்திருந்தது. “எதுத்த ஊட்டுப் பூ. காத்தால நான்தான் எடுத்துகினு வந்தேன். கேக்கல.” புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “இன்னிக்கி மட்டும் இல்ல. ஆடி மாசத்துலேந்து டெய்லி எடுக்கறேன். சாமிக்கு.”

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஏகாம்பரம் சார்தான் என்று நினைக்கிறேன். பரிமளா தலை நிமிர்ந்து நித்யாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு துணிக்கிளிப்பைக்கூட ஒப்புக்கொள்ளாதவள், சம்பந்தி வீட்டார் முன்னால், கட்டடமே கேட்க, பெண்ணுக்காகச் சொல்லிவிட்டாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

நல்லவேளை, ஓடவில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை.

“அம்மன் குடுத்தது சுத்தமான வெள்ள சம்பந்தி” என்றாள், குரல் ஏறிக்கொண்டே போனது. “அதுல கோழிக்குப் போடற சாயத்த ஊத்தி சேப்பாக்கினது தோ, மூக்க உறிஞ்சிகினு நிக்கறா பாருங்க, இவதான்!”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“சாமி பூவுலயா?” என்று மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். “கோழிச் சாயமா?”

“அது சாமி பூ இல்லீங்க, என் பூ!” என்றேன்.

“உன் ஊட்டுல இருந்தவரைக்கும் உன் பூ. என் ஊட்டுக்கு வந்தா சாமி பூ” என்றாள் பரிமளா. திருடினதைச் சொல்லி முடித்த கையோடு நியாயத்தராசையும் அவளே தூக்கிக்கொண்டாள். “வெள்ளிக்கெழம அதுவுமா செய்யற வேலையா இது?”

கீழ்வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முருகேசன்கூடத் தலையை ஆட்டினார். அந்த ஹாலில் ஒருத்தராவது திருட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலிலிருந்து அந்த வாரத்துக்கான குரல் வந்தது.

“போன ஞாயித்துக்கெழம 65 ஏன் வெளுத்துப் போயிருந்துதுன்னு இப்பதான் தெரியுது” என்றார் கோதண்டம்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். அந்த உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தீர்ப்பும் சொன்னார். “சாமி குத்தம் சும்மா போவக் கூடாது. இந்தம்மாதான் கல்யாணத்துக்கு மேடைப் பூவெல்லாம் பண்ணணும். அதான் பரிகாரம்.”

நித்யாவை மணையில் உட்காரவைத்து அவர் மல்லிச் சரத்தை வைத்தபோது, அவள் குனிந்த தலை லேசாக என் பக்கம் திரும்பிச் சிரித்தது. பரிமளா எனக்குக் குங்குமம் கொடுக்கும்போது கையை நறுக்கென்று கிள்ளினாள். வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கேட்டு எடுப்பவள்

கல்யாணம் தை மாதம். பாஷா மேடை போட, பூ என் பொறுப்பு.

மறுநாள் காலையிலேயே அழைப்பு மணி அடித்தது. கையில் எவர்சில்வர் தட்டோடு பரிமளா. “சுகுணா, பூ எடுத்துக்கறேன்” என்றாள். திருட்டாக எடுத்தபோது தினம் ஒரு பூ போனது. கேட்டு எடுக்க ஆரம்பித்ததும் தட்டு நிறையப் போகிறது. “கேட்டுட்டுதானே எடுக்கறேன்?” என்கிறாள். போன வாரம் எழுந்து பார்த்தால் குடமே அவள் வாசலில் இருந்தது. அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக வருகிறதாம்.

இன்று விடிகாலை, அவள் கதவு திறப்பதற்கு முன்னால், சத்தம் போடாமல் போய்க் குடத்திலிருந்து ஒரு வெள்ளை ஜெர்பராவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இருப்பதிலேயே நல்லதாக. இதை எழுதும்போது என் மேஜைமேல்தான் நிற்கிறது. யாராவது கேட்டால் அம்பத்தூர் மார்க்கெட்டில் வாங்கினேன் என்று சொல்வதாக இருக்கிறேன்.